பதினோரு மாடிக்கு எதிராக இரண்டு கால்கள்

சக்கர நாற்காலி வந்து இறங்கிய காலையில் இருதயராஜ் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார். வலது கையில் பாரி மீன், இடது கையில் முருங்கைக்காய், கக்கத்தில் பத்திரிகை. எழுபத்தாறு வயதில் அவர் அவ்வளவு தூரம் நடப்பது பென்வெல் சந்தில் யாருக்கும் செய்தியில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது நோயாளிகள் செய்யும் வேலை என்று அவர் வெகுகாலமாகச் சொல்லி வந்தார். அவருடைய கேட்டுக்கு முன்னால் முத்துசாமி நின்றிருந்தார், முத்துசாமிக்கு முன்னால் நாற்காலி நின்றிருந்தது. கறுப்பு இருக்கை, பளபளக்கும் சக்கரம், கைப்பிடியில் இன்னும் கழற்றாத பிளாஸ்டிக் உறை.

"யாருக்குய்யா இது?"

"உங்களுக்குத்தாண்ணே."

இருதயராஜ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

"எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை" என்றார் முத்துசாமி.

முத்துசாமி லாரி கம்பெனி வைத்திருந்தவர், சந்தின் குடியிருப்பாளர் குழுவுக்குத் தலைவர். பிரச்சினை என்று அவர் சொன்னது பதினோரு மாடி. பென்வெல் சந்தில் அடுக்ககம் கிடையாது, எல்லாமே தனித்தனித் தரைவீடுகள், எல்லாமே இரண்டு மாடி. அங்கே ஒரு பப்பாளி மரம் மேல்மாடி ஜன்னலைத் தாண்டி வளர்ந்தால்கூடப் பக்கத்து வீட்டார் வந்து என்ன விஷயம் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், இருதயராஜின் வீட்டுக்கு அடுத்தாற்போலிருந்த காலி வீடுகளை ஒரு நிறுவனம் வாங்கி, இடித்து மனையாக்கி, பதினோரு மாடி எழுப்ப அனுமதி கேட்டிருந்தது. சந்து கொதித்தது. கார் நிறுத்த இடமிருக்காது என்றார்கள். கால்வாய் பொங்கும் என்றார்கள். முத்துசாமியின் மகள் வர்ஷா கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு பறவையைப் படம் பிடித்து, அழிந்துவரும் இனம் இங்கே கூடு கட்டியிருக்கிறது என்று இணையத்தில் போட்டாள். பறவை ஆர்வலர்கள் பெரிய பெரிய தொலைநோக்கிகளோடு வந்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, அது காக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எது சொன்னாலும் ஒரு ரிப்போர்ட் வெச்சிருக்கான்லா அந்தக் கம்பெனிக்காரன்" என்றார் முத்துசாமி. "வெயிலுக்கு ஒரு ரிப்போர்ட், காத்துக்கு ஒரு ரிப்போர்ட். மனுசனுக்கு ரிப்போர்ட் இல்ல. நமக்கு ஒரு மனுசன் வேணும்ணே. பாத்தா நெஞ்சு கரையணும். இந்த ஆளு பக்கத்துல பைலிங் தூண அடிச்சு எறக்குனா அந்த அதிர்வுலயே செத்துப்போயிருவாருன்னு தோணணும்."

"சந்துல வேற சீக்காளி யாரும் இல்லையா?"

"எங்க மாமியாதான் இருக்கு. டிவிகாரன் வந்தா கெட்ட வார்த்த பேசும்."

இருதயராஜ் மீனை மதிலில் வைத்தார். நாற்காலியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முத்துசாமி சரியான ஆளிடம்தான் வந்திருந்தார், அது அவருக்கும் தெரியும்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், ஒவ்வொரு தவக்காலத்திலும் மாதா கோயிலில் நடந்த பாஸ்கா நாடகத்தில் இருதயராஜுக்கு முடவன் வேஷம். சேவகனாக நடிக்க அடிதடி நடக்கும், பிலாத்தாக நடிக்கச் சிபாரிசு வரும், முடவன் வேஷத்தை மட்டும் அவரிடமிருந்து யாரும் கேட்டதில்லை. காலை மடக்கி அடியில் வைத்து, மணிக்கணக்கில் மரத்துப்போகச் செய்து, இடுப்புக்குக் கீழே உயிரே இல்லாதவரைப்போல மேடையில் இழுத்துக்கொண்டு வருவார். இயேசுவாக நடிப்பவர் கையை நீட்டியதும் திரைக்குப் பின்னால் பெரிய மத்தளத்தை ஒரே ஒரு முறை அடிப்பார்கள். தொம். அந்தத் தொம்மில் வலது கால் துள்ளும். அடுத்த தொம்மில் இடது கால். மூன்றாவதில் எழுந்து நிற்பார், சனம் அழும். ஒரு வருஷம் கூட்டத்திலிருந்த டாக்டர் ஒருவர் நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்து அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சற்று முன்புதான் இயேசு குணப்படுத்தியிருந்தார். டாக்டருக்கு அதில் திருப்தியில்லை.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார் இருதயராஜ்.

"கொஞ்ச நாள்தாண்ணே. சாப்பாடெல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

அவர் உட்கார்ந்தார். இருக்கை மெத்தென்று இருந்தது.

சாப்பாடு வந்தது. மனைவி இறந்த பிறகு அந்தச் சந்தில் அவரிடம் பேசியவர்கள் எல்லாரும் நடந்துகொண்டே பேசியவர்கள். "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள், பதில் வரும்போது அடுத்த வீட்டுக்கு முன்னால் இருப்பார்கள். நாற்காலி வந்த வாரத்திலிருந்து வீடு வீடாக முறை போட்டு அடுக்குப் பாத்திரங்கள் வரத் தொடங்கின. கொண்டுவந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்று வீடு தள்ளியிருந்த ஜைனப் கீழ்த்தட்டில் நெய்ச்சோறும் மேல்தட்டில் ஆட்டுக்கறியும் வைத்து அனுப்பாமல் தானே எடுத்துவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இருந்து, தன் மருமகளைப் பற்றிச் சந்தோஷமாகக் குறைசொல்வாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதுதான் பென்வெல் சந்தில் எல்லா மதத்துக்கும் பொதுவாக இருந்த ஒரே சட்டம். இருதயராஜிடம் சமையல் இல்லை. மதிலோரத் தொட்டியில் ஒரு சின்ன எலுமிச்சை மரம் இருந்தது. கழுவிய பாத்திரத்தில் எலுமிச்சைகளைப் போட்டுத் தருவார்.

"உங்க எலுமிச்சைக்காகவே ஆக்கலாம் போலிருக்குண்ணே" என்பாள் ஜைனப். அவர் அதை நம்பினார்.

ஆரம்பத்தில் இரவானால் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு வீட்டுக்குள் நடப்பார். வர்ஷா அதையும் நிறுத்தினாள். சந்தின் முனையில் ஒரு சாம்பல் நிறக் கார் அடிக்கடி நிற்கிறது என்றும், அது அந்த நிறுவனத்தின் ஆள் என்றும், திரையில் நிழல் நடந்தால் போதும், போட்டோ எடுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான் என்றும் சொன்னாள். அந்தக் கார் நாலாம் வீட்டுக்கு டியூஷன் சொல்லித்தர வரும் ஆசிரியருடையது. அது பின்னால் தெரிந்தது, தெரிந்தபோது அதனால் யாருக்கும் பயனில்லை. இருதயராஜ் வீட்டுக்குள்ளும் நாற்காலியிலேயே போனார், வந்தார். குளியலறைக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு. நல்ல சாப்பாடு, உடம்பு மேலே ஊதியது, கீழே வற்றியது.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள், ஸ்டெல்லா. பொங்கோல் பகுதியில் ஒன்பதாவது மாடியில் வீடு. சனிக்கிழமை தவறாமல் மீன் குழம்போடு வந்துவிடுவாள். அங்கே அவருக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தாள். அவர் ஒரு வாரம் போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்தே நிற்கிறார்கள், ஒன்பதாம் மாடி வரும்வரை ஒருவருக்கும் பேச்சு வருவதில்லை என்பது அவருடைய புகார். நாற்காலியைப் பார்த்தபோது ஸ்டெல்லா சிரித்தாள். "இந்த வயசுல நடிக்கப் போயிட்டீங்களாப்பா" என்றாள். அது வர்ஷா இணையத்தில் போட வீடியோ எடுப்பதற்கு முன்னால்.

வீடியோ எடுத்த அன்று வர்ஷா ஜன்னலைப் பாதி மூடி, அவருடைய நல்ல சட்டையைக் கழற்றச் சொல்லி, கிழிந்த பனியன் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டாள். மேசையில் ஜைனபின் பாத்திரம் திறக்காமல் இருந்தது. இடுக்கு வழியாக ஏலக்காய் மணம் வந்துகொண்டிருந்தது.

"அங்கிள், கொஞ்சம் தொலஞ்சுபோன மாதிரி பாருங்க. ஓகே. உங்களுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."

"மக இருக்கா. ஸ்டெல்லான்னு பேரு. பொங்கோல்ல..."

"கட், கட்." வர்ஷா செல்பேசியை இறக்கினாள். "அங்கிள், மக இருந்தா மக வீட்டுக்குப் போக வேண்டியதுதானேன்னு எல்லாரும் கேப்பாங்கலா. ஸ்டோரியே போயிடும். மக வேணாம்."

"வேணாம்னா?"

"வேணாம்னா இல்ல. அவ்வளவுதான். சொல்லிட்டீங்கன்னா சாப்பிடலாம், ஆறிடும்."

இருதயராஜ் பாத்திரத்தைப் பார்த்தார். முதல் தடவை "எனக்கு யாருமில்ல" என்று சொன்னபோது சரியாக வரவில்லை, வாசிப்பதுபோல இருந்தது. இரண்டாவது தடவை கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது அவரே நம்பிவிட்டார். அதைத்தான் வர்ஷா போட்டாள்.

அது எங்கெங்கோ போனது. ஊரே அவருக்காக அழுதது, அழுது முடித்ததும் பெற்ற பிள்ளைகளைத் திட்டியது. இப்படிப்பட்டவர்களைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்று யார் யாரோ எழுதினார்கள். பென்வெல் சந்துக்காரர்கள் சிலரும் வேறு பெயர்களில் எழுதினார்கள், அப்போதுதான் சூடு பிடிக்கும் என்று.

அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். கையில் மீன் குழம்பு இல்லை.

"ஆஃபீஸ்ல ஒருத்தி கேக்குறா. உங்கப்பா இறந்துட்டார்னுதானே நெனச்சேன், உயிரோட இருக்காரான்னு."

"நாடகம்தானேம்மா."

"நாடகத்துல நான் எங்க இருக்கேன்ப்பா?"

ஸ்டெல்லா நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"எந்திரிங்க. என்கூட வந்து கேட்டுக்கு வெளிய ஒரு நிமிஷம் நில்லுங்க. இது என் மகள்னு போறவங்ககிட்ட சொல்ல வேணாம், சும்மா நில்லுங்க. போதும்."

இருதயராஜ் ஜன்னலைப் பார்த்தார். சந்தின் முனையில் அந்தச் சாம்பல் நிறக் கார் நின்றது.

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. அதிகாரிங்க வந்துட்டுப் போயிடட்டும்."

ஸ்டெல்லா அடுப்படித் தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதன் பிறகு சனிக்கிழமைகள் வந்தன, அவள் வரவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். இருதயராஜ் அன்று நடித்ததைப் போல் அதற்கு முன் எப்போதும் நடித்ததில்லை. ஒரு பெண் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். எல்லா ரிப்போர்ட்டுகளையும் படித்திருந்த இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் அந்த நிறுவனம் கைகழுவிக்கொண்டது. பதினோரு மாடி போயிற்று.

முத்துசாமி வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு விருந்து வைத்தார். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நீள மேசை, ஜைனபின் தால்ச்சா ஒரு பெரிய தேக்சாவில். இருதயராஜைத் தள்ளிக்கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். முத்துசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு, "இனிமே யாரு பாக்கப்போறா? அண்ணே, நாடகம் முடிஞ்சிருச்சு, எந்திரிங்க!" என்றார்.

சந்து முழுவதும் கை தட்டியது. முதலில் தாறுமாறாகத் தட்டினார்கள், பிறகு தாளமாக. இருதயராஜ் சிரித்தார். கும்பிட்டார். இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திக்கொண்டு, பழைய மேடைப் பழக்கத்தில் வலது காலை முதலில் தூக்கினார். கால் வரவில்லை. கால் இருந்தது, வரவில்லை. கைதட்டல் வேகமெடுத்தது. அவர் கைகளாலேயே உடம்பைத் தூக்கினார். பாதி எழுந்தார். பிறகு மரத்தை வெட்டிச் சாய்ப்பதுபோல மேசையின் மேல் விழுந்து, தேக்சாவோடு தரைக்கு வந்தார்.

சிரிப்பு வானத்துக்குப் போயிற்று. விசில் அடித்தார்கள்.

"அங்கிள், ஒன் மோர்! முகம் படத்துல வரல!" என்றாள் வர்ஷா, செல்பேசியைப் பிடித்தபடி.

அவர் தால்ச்சாவில் கிடந்து மேலே பார்த்தார். எழ முயன்றார், முழங்கை வழுக்கியது. அதற்கும் சிரித்தார்கள். ஜைனப்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "யா அல்லா, இவ்வளவும் போச்சே" என்று தேக்சாவை நிமிர்த்தினாள். கடைசியில் நாலு பேர் அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள்.

"ஓவர் ஆக்டிங்லாண்ணே" என்றார் முத்துசாமி, மைக்கை இறக்காமலே அவர் காதோடு. அது கேட்டவர்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஜைனபின் கணவர் ரவூப் ஒரு முறை காரில் டாக்டரிடம் கூட்டிப்போனார். தசை வற்றிவிட்டது, பயிற்சி செய்தால் ஒருவேளை வரலாம், கூட ஆள் இருந்து பிடித்துக்கொண்டு நடக்கவைக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "யாருமில்ல" என்றார் இருதயராஜ். வாய் பழகிப்போயிருந்தது.

அடுக்குப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஜைனபின் கடைசிப் பாத்திரம் அவரிடமே தங்கிவிட்டது, அதைக் கேட்டுக்கூட அவள் வரவில்லை. ஏதோ ஒரு சங்கத்தின் தொண்டூழியர்கள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், தூக்கிப்போடும் பிளாஸ்டிக் டப்பாவில். அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதில் எலுமிச்சை போட வழியில்லை. ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த பெண்ணிடம் அவர் வலியச் சொன்னார்.

"எனக்கு ஒரு மக இருக்காம்மா. ஸ்டெல்லா. பொங்கோல்ல."

அந்தப் பெண் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நாங்க வீடியோ பாத்திருக்கோம் அங்கிள். பரவால்ல" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு முத்துசாமி வந்தார். நாற்காலியை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப்போவதாகவும், பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள் என்றும் சொன்னார். "இங்க சும்மாத்தானே கெடக்கு."

"நான் அதுல உக்காந்திருக்கேன்யா."

"அதாண்ணே சொல்றேன். உக்காந்தே பழகிட்டீங்க. எடுத்துட்டா தன்னால நடப்பீங்க. உங்க நல்லதுக்குத்தான்." விருந்தில் மிஞ்சிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதற்குப் பதிலாகக் கொடுத்தார். இருதயராஜைத் தூக்கி அதில் உட்காரவைப்பதற்கு இரண்டு ஆட்களையும் கொண்டுவந்திருந்தார்; எதிலும் குறைவைக்கிற மனிதரில்லை.

வாசலில் திரும்பி நின்று, அடுத்த செய்தியையும் சொல்லிவிட்டார். அந்த நிறுவனம் கைவிட்ட பக்கத்துக் காலி மனைகளை அவரே வாங்கிவிட்டார். மூன்று மாடி, அதற்கு மேல் அரை மாடி, மொட்டை மாடியில் நீச்சல் குளம்.

"ரெண்டு மாடிக்கு மேல ஆகாதுன்னு நீதானய்யா சொன்னே? என்னைய அந்தச் சக்கர நாற்காலில உக்கார வெச்சே?"

முத்துசாமிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அது கட்டடம்ணே" என்றார். "இது வீடு." சற்று யோசித்துவிட்டு, "லிஃப்ட் வேற வெக்கிறேன். உங்கள மாதிரி ஆளுங்க வந்தா மேல ஏறிப் பாக்கலாம்லா" என்றார்.

மனையைச் சுற்றி உயரமாகத் தகரம் அடித்தார்கள். அதன் நிழல் முதலில் எலுமிச்சை மரத்தின் மேல் விழுந்தது. மரம் இலையைக் கொட்டி, பட்டாணி அளவில் சில காய்களை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை இருதயராஜ் நெடுநேரம் யோசித்து மகளுக்குச் செல்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். 'நாளைக்கு கேட்டுக்கு வெளிய நிப்பேன். வா.' படித்துவிட்டாள் என்பதற்கு நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

சனிக்கிழமை காலை, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சிவப்பு நாற்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். கேட் எட்டும் தூரத்தில் இல்லை, ஆனால் கண்ணில் தெரிந்தது. அதன் தாழ்ப்பாளை முன்பே யாரிடமோ சொல்லித் திறந்துவைத்திருந்தார். மடியில், மூடி போடாமல், ஜைனபின் அடுக்குப் பாத்திரம், அதற்குள் மரத்தில் மிஞ்சிய எலுமிச்சைகள். எழுந்து நின்றுவிட்டால் அதையும் அப்படியே கொடுத்துவிட்டு வரலாம், மூன்று வீடுதானே. தகரத்தின் நிழல் அவர் மார்புவரை மூடியிருந்தது. தகர இடுக்கு வழியாக அவர் பாதங்களுக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு வெயில் விழுந்தது. சந்துக்குள் ஏதோ ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. டியூஷன் வாத்தியாராக இருக்கலாம். கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தார்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். இயந்திரம் உறுமி அடங்கியது. பிறகு முதல் பைலிங் தூண் மண்ணுக்குள் இறங்கியது.

தொம்.

கேட் அதிர்ந்தது. பாத்திரத்துக்குள் எலுமிச்சைகள் குதித்தன. இருதயராஜின் வலது கால் துள்ளி, வெயிலுக்குள் ஓர் அடி தள்ளிப் போய் விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். வெயிலில் கிடந்த அந்தக் கால் யாருடையதோ போலிருந்தது. கட்டைவிரல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சந்துக்குள் திரும்பிய கார் எங்கோ நின்று, கதவு ஒன்று திறந்தது. மடியிலிருந்து உருண்ட ஓர் எலுமிச்சை கேட்டை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இருதயராஜ் இரண்டு கைகளையும் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது காலின் மேல் கண்ணை வைத்து, அடுத்த தொம்முக்காகக் காத்திருந்தார்.